எக்செல்ல அடிச்சது தானா மாறுதா? கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை வெச்சு சரி பண்ற வழி

ஆதார் நம்பர் அடிச்சா 4.56789இ+11னு நிக்குது, 044ல ஆரம்பிக்கிற லேண்ட்லைன் நம்பர்ல முன்னாடி சைபரைக் காணோம், கதவு எண் 12/5னு போட்டா 12-மே ஆகுது, கான்கிரீட் கலவை 1:2:4னு போட்டா மணி காட்டுது. பாக்க தனித்தனி பிரச்சனையா தெரிஞ்சாலும் எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். நீங்க எண்டர் தட்டுற அந்த நொடியிலயே எக்செல் அதைப் பாத்து இது நம்பரா தேதியா நேரமா ஃபார்முலாவான்னு முடிவு பண்ணிடுது, பண்ணிட்டு தான் புரிஞ்சுக்கிட்டதை மட்டும்தான் உள்ள சேமிக்குது, நீங்க அடிச்ச எழுத்து அப்பவே போயிடுது. அதனாலதான் அப்புறமா ஃபார்மட்டை மாத்தி மாத்திப் பாத்தாலும் பழையது திரும்ப வர மாட்டேங்குது. சொல்லணும்னா அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்.

எந்த பிரச்சனையா இருந்தாலும் முதல்ல ஒரு சின்ன செக். அந்த செல்லை க்ளிக் பண்ணி மேல ஃபார்முலா பார்ல என்ன இருக்குன்னு பாருங்க. செல்லுல தெரியறது வெறும் தோற்றம், ஃபார்முலா பார்ல இருக்கறதுதான் பெரும்பாலும் உள்ள உக்காந்திருக்கறது. அங்க சரியா இருந்தா டேட்டா பத்திரமா இருக்கு, ஃபார்மட் மாத்தினா போதும். அங்கயும் தப்பா இருந்தா டேட்டாவே மாறிடுச்சு, அப்ப எதையும் சேவ் பண்றதுக்கு முன்னாடி கன்ட்ரோல்+இசட், இல்லன்னா ஒரிஜினல் ஃபைலைத் தேடி எடுக்கணும். இன்னொரு அடையாளமும் இருக்கு, அலைன்மென்ட் கை வெக்காம விட்ட ஷீட்ல எழுத்தா நினைச்சது இடது பக்கம் ஒட்டி நிக்கும், நம்பரா தேதியா நினைச்சது வலது பக்கம் ஒட்டி நிக்கும்.

பெரிய நம்பர் நடுவுல இ+ வந்து சுருங்கிப் போச்சு

ஜெனரல் ஃபார்மட்ல, அதாவது ஃபார்மட் எதையும் மாத்தாம விட்ட செல்லுல, எக்செல் 11 இலக்கம் வரைக்கும்தான் நம்பரை அப்படியே காட்டும், 12 ஆனதும் இ+ போட்டு சுருக்கிடும். ஆதார் 12 இலக்கம், பிஎஃப் யுஏஎன் நம்பரும் 12, அதனாலதான் இது ரெண்டுலயும் எல்லாரும் மாட்டிக்கறாங்க. இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, உள்ள நம்பர் முழுசா இருக்கு. காலம் அகலத்தை இழுத்துப் பெருசு பண்ணி பிரயோஜனம் இல்ல, கன்ட்ரோல்+1 அடிச்சு நம்பர்னு தேர்ந்தெடுத்து டெசிமல் பிளேஸஸ் 0 குடுங்க, 12 இலக்கமும் வந்துடும்.

நிஜமான ஆபத்து 16 இலக்கத்துல இருக்கு. எக்செல் நம்பரை 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் முறைல வெச்சுக்குது, அதுல 15 இலக்கம் வரைக்கும்தான் காப்பாத்தும், 16வது இலக்கத்துல இருந்து எல்லாமே சைபர். 1234567890123456னு அடிச்சுப் பாருங்க, ஃபார்முலா பார்லயே 1234567890123450னு நிக்கும், அந்த 6 எங்கயும் ஒளிஞ்சுக்கிட்டு இல்ல, போயே போச்சு. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு நம்பர் பெரும்பாலும் 16 இலக்கம், பஞ்சாப் நேஷனல் பேங்க் அக்கவுன்ட் நம்பர் 16 இலக்கம், சிம் கார்டு மேல அச்சடிச்ச நம்பர் 19, 20 இலக்கம் போகும். சம்பள லிஸ்ட்ல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க, நெஃப்ட்ல பணத்தை வரவு வெக்கறது அக்கவுன்ட் நம்பரை வெச்சுத்தான், பேரை வெச்சு இல்ல. கடைசி இலக்கம் மாறின நம்பர்ல அக்கவுன்ட்டே இல்லன்னா பணம் திரும்பி வந்துடும், அது வேற யாரோட அக்கவுன்ட்டாவோ இருந்துட்டா அந்த மாசம் ஒருத்தர் வீட்டு வாடகை நிக்கும். தயவு செஞ்சு பேங்க்குக்கு அனுப்பற ஷீட்டை அனுப்பறதுக்கு முன்னாடி, 16 இலக்க நம்பர் எல்லாமே 0ல முடியுதான்னு ஒரு தடவை கண்ணை ஓட்டிடுங்க.

தீர்வு இதுதான். அக்கவுன்ட் நம்பர் வரப்போற காலம் முழுசையும் செலக்ட் பண்ணி, கன்ட்ரோல்+1, நம்பர் டேப்ல டெக்ஸ்ட், ஓகே. அதுக்கப்புறம் அடிங்க. ஒண்ணு ரெண்டு செல்லுக்கு மட்டும்னா நம்பருக்கு முன்னாடி ஒத்தை மேற்கோள் குறி ' போட்டு அடிச்சா போதும், அந்தக் குறி செல்லுல தெரியாது, பிரிண்ட்லயும் வராது, ஃபார்முலா பார்ல மட்டும் தெரியும்.

டெக்ஸ்ட் ஆக்கினதும் செல் மூலைல ஒரு பச்சை முக்கோணம் வரும், பக்கத்துல ஒரு மஞ்சள் குறி, அதை க்ளிக் பண்ணா கன்வர்ட் டு நம்பர்னு கேக்கும். அதைத் தொடாதீங்க, தொட்டா பட்ட பாடு வீண், 16வது இலக்கம் அப்பதான் போகும். இக்னோர் எரர் குடுங்க, இல்லன்னா ஆப்ஷன்ஸ் உள்ள ஃபார்முலாஸ் பக்கத்துல எரர் செக்கிங் ரூல்ஸ்ல நம்பர் டெக்ஸ்ட்டா இருக்குன்னு எச்சரிக்கிற அந்த ஒரு டிக்கை எடுத்துடுங்க.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு குழி இருக்கு. நம்பரை டெக்ஸ்ட்டா கரெக்டா வெச்சிருந்தாலும் ஒண்ணு எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ற கவுன்ட்இஃப் ஃபங்ஷன் அதை எடுத்து மறுபடி நம்பரா மாத்திப் பாத்துத்தான் எண்ணும். அதனால முதல் 15 இலக்கம் ஒண்ணா இருந்து 16வது மட்டும் வேறயா இருக்கற ரெண்டு அக்கவுன்ட்டை அது டூப்ளிகேட்னு சொல்லிடும், அதை நம்பி ஒரு வரியை டெலீட் பண்ணிட்டா ஒருத்தர் லிஸ்ட்டை விட்டே போயிடுவார். கவுன்ட்இஃப்ல தேடற செல்லுக்குப் பின்னாடி &"*" சேர்த்துக்கோங்க, ஸ்டார் வந்துட்டா அதால நம்பரா மாத்த முடியாது, எழுத்தாதான் ஒப்பிடும்.

முன்னாடி இருந்த சைபர் காணோம்

எஸ்டிடி கோடு, ரோல் நம்பர், ஜிஎஸ்டி பில்லுல பொருளோட வகையைச் சொல்ற ஹெச்எஸ்என் கோடு எல்லாத்துலயும் இது வரும். இலங்கைல இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகம், கொழும்பு 1ஓட தபால் குறியீடு 00100, எக்செல்ல அது வெறும் 100, மொபைல் நம்பர் எல்லாமே 07ல ஆரம்பிக்குது. அடிக்கறதுக்கு முன்னாடின்னா மேல சொன்ன அதே டெக்ஸ்ட் வைத்தியம்.

ஏற்கனவே போயிடுச்சுன்னா திரும்பக் கொண்டு வர முடியுமாங்கறது ஒரே கேள்வில முடிஞ்சுடும், அந்த காலம்ல எல்லா கோடும் ஒரே நீளமா? ஆமான்னா முடியும். டெக்ஸ்ட் ஃபங்ஷன்ல எத்தனை இலக்கமோ அத்தனை சைபரை ஃபார்மட்டா குடுங்க, 5 இலக்க கோடுன்னா "00000", 100ங்கறது 00100 ஆயிடும், அப்புறம் அதைக் காப்பி பண்ணி பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸா ஒட்டிக்கோங்க. கஸ்டம் ஃபார்மட்ல 00000 போட்டாலும் பாக்க அப்படியேதான் தெரியும், ஆனா உள்ள இன்னும் 100தான் இருக்கும், வேற லிஸ்ட்ல தேடி எடுக்கற விலுக்அப் ஃபங்ஷன் போட்டா டெக்ஸ்ட்டா இருக்கற 00100ஓட சேராது.

நீளம் வேற வேறன்னா கஷ்டம். 012ம் 0012ம் ரெண்டுமே 12 ஆகிட்டா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒரிஜினல்தான் வேணும். ஹெச்எஸ்என் கோடுல மட்டும் நமக்கு ஒரு வசதி இருக்கு. அது எப்பவுமே இரட்டைப்படை நீளம்தான், 2, 4, 6, 8. டீத்தூள் 0902, மஞ்சள் 0910. லிஸ்ட்ல 902, 910, 90210னு ஒற்றைப்படை நீளத்துல எது நின்னாலும் அதுக்கு முன்னாடி ஒரு சைபர் விழுந்துடுச்சுன்னு அர்த்தம். நீளத்தை எண்ணிச் சொல்ற லென் ஃபங்ஷன் போட்டு ஃபில்டர் பண்ணி அந்த வரிக்கு மட்டும் முன்னாடி "0"& சேர்த்துட்டா வேலை முடிஞ்சது. மளிகைக் கடை, மசாலா கம்பெனி கணக்கு பாக்கறவங்களுக்கு இது ரொம்ப உதவும், ஏன்னா மிளகு, மஞ்சள், காபி, டீ, பால் எல்லாமே 0ல ஆரம்பிக்கற கோடுதான்.

இந்த ரெண்டு பிரச்சனைக்கும் மைக்ரோசாஃப்டே 2023ல ஒரு ஸ்விட்ச் குடுத்தாங்க. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா போனா ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல முன்னாடி சைபரை எடுக்கறது, நீள நம்பரை 15 இலக்கத்தோட நிறுத்தறது, இ எழுத்தைச் சுத்தி இருக்கற நம்பரைச் சுருக்கறது, எழுத்தும் நம்பரும் ஒட்டி இருந்தா தேதியாக்கறது, இந்த நாலுக்கும் தனித்தனி டிக் இருக்கு, வேண்டாததை எடுத்துடலாம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வெச்சிருந்தா இன்னைக்கே போய் நாலையும் எடுத்துடுங்க, நான் யாருக்கு கம்ப்யூட்டர் செட் பண்ணிக் குடுத்தாலும் முதல்ல பண்றது இதைத்தான். 2016, 2019 மாதிரி பழைய வெர்ஷன்ல இது கிடையாது. மேக்ரோ, அதாவது தானா ஓடற கட்டளைத் தொகுப்பு, ஓடும்போதும் இது வேலை செய்யாது. அந்த கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் இந்த செட்டிங், நீங்க அனுப்பற ஃபைலோட கூடப் போகாது.

கதவு எண், சர்வே நம்பர் எல்லாம் தேதி ஆயிடுச்சு

மேல சொன்ன ஸ்விட்ச் இதைத் தடுக்காது, இது ரொம்ப முக்கியம். அது பாத்துக்கறது எழுத்தும் நம்பரும் ஒட்டி வர்றதை மட்டும்தான், நடுவுல சாய்கோடோ ஹைபனோ வந்தா பழைய கதைதான்.

சென்னை அட்ரஸ்ல புது எண், பழைய எண் சேர்த்து 12/5னு எழுதறோம், பட்டால சர்வே நம்பரும் உட்பிரிவும் அப்படித்தான் வருது. 12/5 அடிச்சா 12-மே. 12/5ஏன்னு உட்பிரிவு எழுத்தோட அடிச்சா எழுத்தா அப்படியே நிக்கும். 45/2 அடிச்சா 45ன்னு ஒரு நாள் இல்லாததால அதுவும் தப்பிச்சுடும். ஆனா 2/45 அடிச்சா 45ஐ வருஷமா நினைச்சு 1945 பிப்ரவரின்னு எடுத்துக்கும். அதாவது ஒரே காலம்ல பாதி சரியா, பாதி தப்பா, ஒரு ஒழுங்கே இல்லாம நிக்கும், மேல பத்து வரி பாத்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சா முன்னூறாவது வரில மாட்டும்.

இதைப் பாத்ததும் எல்லாரும் செய்யற முதல் காரியம் ஃபார்மட்டை டெக்ஸ்ட்டுக்கு மாத்தறது. மாத்தினா 45789னு சம்பந்தமே இல்லாத நம்பர் வரும். பயந்துடாதீங்க, எக்செல் தேதியை 1900 ஜனவரி 1ல இருந்து எத்தனையாவது நாள்னு எண்ணித்தான் வெச்சுக்குது, 2025ல 12/5 அடிச்சிருந்தா அது 2025 மே 12, அதோட வரிசை எண் 45789. வேற வருஷத்துல அடிச்சிருந்தா வேற நம்பர் வரும்.

மீட்கறதுக்கு, பக்கத்து காலம்ல ஈஸ்நம்பர் ஃபங்ஷன் போட்டு எதெல்லாம் தேதியா மாறிடுச்சுன்னு பிரிச்சுக்கோங்க. ட்ரூன்னு வர்றதுல, நாளும் மாசமுமா மாறினதை டெக்ஸ்ட் ஃபங்ஷன்ல "டி/எம்"ங்கற இங்கிலீஷ் எழுத்து ஃபார்மட் குடுத்து 12/5 ஆக்கிடலாம். 2/45 மாதிரி மாசமும் வருஷமுமா மாறினது எல்லாம் மாசத்தோட ஒண்ணாம் தேதில போய் உக்காந்திருக்கும், 1945 பிப்ரவரி 1ங்கற மாதிரி, அதை தனியா எடுத்து மாசம்/வருஷம்னு மாத்தணும். இதுல 1/2 எந்த ரகம்னு ஒரு சந்தேகம் வரும், வருஷத்தைப் பாருங்க, டைப் பண்ண வருஷமே இருந்தா அது நாள்/மாசம். அதுக்கப்புறமும் 12/5ஆ 12-5ஆ, 05ஆ 5ஆன்னு தெரியாது. நிலம் சம்பந்தப்பட்டதா இருந்தா ஃபார்முலாவை நம்பி விட்டுடாதீங்க, பட்டாவை வெச்சு ஒவ்வொண்ணா சரிபாருங்க.

இது நம்ம ஊர் சின்ன ஆபீஸ் தொல்லைன்னு மட்டும் நினைக்க வேண்டாம். மனித ஜீன்கள்ல மார்ச்1, செப்ட்1னு பேர் இருந்தது, எக்செல் அதை எல்லாம் தேதி ஆக்கிச்சு. 2016ல வந்த ஒரு ஆய்வு, ஜீன் லிஸ்ட்டை எக்செல்ல இணைச்சு வெளியான கட்டுரைகள்ல சுமார் அஞ்சுல ஒண்ணுல இந்த மாதிரி பிழை இருக்கறதைக் காட்டிச்சு. கடைசில ஜீன்களுக்குப் பேர் வெக்கற சர்வதேச கமிட்டி 2020ல ஜீன் பேரையே மாத்திட்டாங்க, மார்ச்1 இப்ப மார்ச்எஃப்1, செப்ட்1 இப்ப செப்டின்1. ஆராய்ச்சியாளர்களுக்கே இந்த கதின்னா, உங்க ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பண்ற பொண்ணை திட்டறதுல நியாயம் இல்ல.

எக்செல் மாதிரியே இருக்கற இலவச லிப்ரெஆபீஸ் கால்க்ல இதுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு, எக்செல்ல இல்லாதது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்வேஜ் செட்டிங்ல டேட் ஆக்செப்டன்ஸ் பேட்டர்ன்ஸ்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல நாள்/மாசம்/வருஷம் ஒரு பேட்டர்ன், நாள்/மாசம் மட்டும் இன்னொரு பேட்டர்ன், நடுவுல அரைப்புள்ளி. ரெண்டாவதை அழிச்சுட்டா 12/5 அடிச்சாலும் தேதியா எடுத்துக்காது, முழு தேதி அடிச்சா மட்டும் எடுத்துக்கும். 1/2 அடிச்சா ½ ஆகறது அங்க வேற விஷயம், அது ஆட்டோகரெக்ட், அந்த லிஸ்ட்ல இருந்து அந்த வரியை நீக்கணும். கூகுள் ஷீட்ஸ்ல ஃபார்மட், நம்பர், பிளெயின் டெக்ஸ்ட், அவ்வளவுதான், மேற்கோள் குறியும் வேலை செய்யும்.

தேதி காலம்ல பாதி இடது பக்கம், பாதி வலது பக்கம் நிக்குது

என் கணக்குல இருக்கறதிலேயே மோசமானது இதுதான், ஏன்னா பிழைன்னு எதுவும் காட்டாது. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருக்கு, நீங்க நம்ம வழக்கப்படி நாள்/மாசம்/வருஷம் அடிக்கறீங்க. 25/04/2025ங்கறதை அது 25வது மாசம்னு பாத்து, அப்படி ஒண்ணு இல்லாததால எழுத்தா விட்டுடும், இடது பக்கம் நிக்கும். 03/04/2025ஐ மார்ச் 4ன்னு எடுத்துக்கும், வலது பக்கம் நிக்கும், பாக்க சரியா இருக்கும். நீங்க நினைச்சது ஏப்ரல் 3. இடது பக்கம் நிக்கறது பாக்க அசிங்கமா இருந்தாலும் அதுதான் சரியான டேட்டா, வலது பக்கம் அழகா நிக்கறதுதான் தப்பு.

முதல்ல விண்டோஸ்ல ரீஜன் செட்டிங்கை இங்கிலீஷ் இந்தியான்னு மாத்துங்க, கூகுள் ஷீட்ஸ்னா ஃபைல், செட்டிங்ஸ்ல லோகேல் இந்தியா. இது இனிமே அடிக்கப் போறதுக்குத்தான், பழசை இது திருத்தாது. பழசுக்கு ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப எடுத்து, காலம்மை முதல்ல டெக்ஸ்ட்டா கொண்டு வந்து, அப்புறம் டேட்டா மெனுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் மூணாவது ஸ்டெப்ல டேட், பக்கத்துல டிஎம்ஒய் குடுங்க. டிஎம்ஒய்ங்கறது சோர்ஸ்ல தேதி எந்த வரிசைல இருக்குங்கறது, உங்களுக்கு எப்படி வேணும்ங்கறது இல்ல, இதைக் குழப்பிக்கிட்டு மாத்திக் குடுக்கறவங்க நிறைய.

1:2:4 மணி ஆகுது, +91 சுருங்குது, ரூம் நம்பர் ஆயிரக்கணக்குல போகுது

சிவில் சைட்ல கலவை விகிதம் 1:2:4 அடிச்சா 01:02:04ன்னு நேரம் ஆகும், பூச்சுக்கு 1:5 அடிச்சா 01:05. ஆனா 1:1.5:3 மட்டும் அப்படியே நிக்கும், நடுவுல புள்ளி இருக்கறதால அது நேரமா படாது. +91 சேர்த்து இடைவெளி இல்லாம மொபைல் நம்பர் அடிச்சா பிளஸ் காணாமப் போய் மிச்சம் 12 இலக்க நம்பரா ஆகி சுருங்கிடும். மைனஸ் போட்டு ஒரு குறிப்பு ஆரம்பிச்சா, -பாக்கின்னு, ஃபார்முலான்னு நினைச்சு நேம் எரர் காட்டும். ரூம் நம்பர் 2இ3ன்னு இங்கிலீஷ் இ போட்டு அடிச்சா 2000 ஆயிடும். நாலுக்கும் அதே மருந்து, முதல்லயே டெக்ஸ்ட் இல்லன்னா மேற்கோள் குறி.

டெக்ஸ்ட்டா செட் பண்ணி சேவ் பண்ணேன், திறந்தா மறுபடி மாறிடுச்சு

ஃபைல் பேர் கடைசில சிஎஸ்வின்னு இருக்கான்னு பாருங்க. சிஎஸ்வில ஃபார்மட்டுனு எதையும் வெச்சுக்க இடமே கிடையாது, வெறும் எழுத்தும் கமாவும்தான். நீங்க டெக்ஸ்ட்டுன்னு சொன்னது சேவ் பண்ணும்போதே போயிடும், அடுத்த தடவை டபுள் க்ளிக் பண்ணித் திறக்கும்போது எக்செல் எல்லாத்தையும் புதுசா யூகிக்கும். அதுக்கு மேல கன்ட்ரோல்+எஸ் அடிச்சா தப்பான யூகம் ஃபைலுக்குள்ளயே ஏறிடும். பேங்க்ல இருந்தோ போர்ட்டல்ல இருந்தோ இறக்கின சிஎஸ்வியை டபுள் க்ளிக் பண்ற பழக்கத்தை விட்டுடுங்க. உள்ள நிஜமா என்ன இருக்குன்னு பாக்க நோட்பேட்ல திறங்க.

எக்செல்லுக்குக் கொண்டு வர, வெறும் ஷீட்டைத் திறந்து டேட்டா மெனு, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி. வர்ற ஜன்னல்ல டேட்டா டைப் டிடெக்ஷன்னு ஒண்ணு இருக்கும், அதுல டூ நாட் டிடெக்ட் குடுத்து லோட் பண்ணுங்க, எல்லாமே எழுத்தா வரும். தலைப்பு வரி டேட்டாவோட கலந்துட்டா டிரான்ஸ்ஃபார்ம் போய் முதல் வரியை ஹெடர் ஆக்கலாம், ஆனா அப்படிப் பண்ணதும் வலது பக்க ஸ்டெப் லிஸ்ட்ல சேஞ்ச்டு டைப்னு ஒரு வரி தானா சேரும், அதுதான் மறுபடி எல்லாத்தையும் நம்பர் ஆக்கறது, அதுக்குப் பக்கத்துல இருக்கற பெருக்கல் குறியை அமுக்கி நீக்கிடுங்க. கூகுள் ஷீட்ஸ்னா இம்போர்ட் ஜன்னல்ல டெக்ஸ்ட்டை நம்பர், தேதி, ஃபார்முலாவா மாத்துன்னு இருக்கற டிக்கை எடுக்கணும். லிப்ரெஆபீஸ் சிஎஸ்வியைத் திறக்கும்போதே கேட்டுடும், காலம் தலைப்பை க்ளிக் பண்ணி டைப்பை டெக்ஸ்ட்னு மாத்தினா போதும்.

வெப்சைட்ல இருந்து டேபிளைக் காப்பி பண்ணி ஒட்டும்போதும் இதேதான், டெக்ஸ்ட்டா செட் பண்ணி வெச்ச இடத்துல சாதாரணமா கன்ட்ரோல்+வி அடிச்சா அங்க இருந்து வர்ற ஃபார்மட் உங்களோடதை அழிச்சுடும். ரைட் க்ளிக்ல மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மட்டிங் குடுங்க.

500 அடிச்சா 5 வருது, ராஜ் அடிச்சா ராஜ்குமார் வருது, மெயில் ஐடி நீலமாகுது

500க்கு 5 வந்தா ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுல டெசிமல் பாயின்ட்டை தானா போடற டிக்கை யாரோ போட்டிருக்காங்க, எடுத்துடுங்க. ராஜ், ராஜ்குமாரா மாறறது ஆட்டோகம்ப்ளீட், மேல ஏற்கனவே அந்தப் பேர் இருந்தா மிச்சத்தை அதுவே நிரப்பும், கவனிக்காம எண்டர் தட்டினா ரெண்டு ஆள் ஒரு ஆள் ஆயிடுவாங்க. பேர் லிஸ்ட் அடிக்கற வேலைன்னா அதே அட்வான்ஸ்டு பக்கத்துல அதையும் அணைச்சுட்டு உக்காருங்க. மெயில் ஐடி லிங்க் ஆனா உடனே கன்ட்ரோல்+இசட் ஒரு தடவை, லிங்க் மட்டும் போகும், எழுத்து நிக்கும். நிரந்தரமா நிறுத்த ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப்.

கூட்டல் வரல, ஃபார்முலா அப்படியே எழுத்தா நிக்குது

எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஆக்கிட்டா வர்ற பக்க விளைவு இது. டெக்ஸ்ட்டா இருக்கற தொகையை சம் ஃபங்ஷன் கண்டுக்காது, 0 காட்டும். கூட்டிக் கழிக்கப் போற காலம், அதாவது தொகை, எடை, எண்ணிக்கை இதெல்லாம் ஜெனரல்லயோ நம்பர்லயோ இருக்கட்டும், யாரும் கூட்டிப் பாக்கப் போறதில்லாத அக்கவுன்ட், ஆதார், போன், கோடு, கதவு எண் மட்டும் டெக்ஸ்ட். ஃபார்முலா எழுத்தா நின்னா அந்த செல்லை ஜெனரலுக்கு மாத்தினா மட்டும் போதாது, எஃப்2 அடிச்சு எண்டர் தட்டணும், அப்பதான் மறுபடி படிக்கும். ஒரு காலம் முழுக்க தொகை டெக்ஸ்ட்டா மாட்டிக்கிட்டா அதை செலக்ட் பண்ணி டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து ஜெனரல்னு வெச்சு எதையும் மாத்தாம ஃபினிஷ் குடுங்க, எல்லாம் ஒரே தட்டுல நம்பர் ஆயிடும். செலக்ஷன் தொகை காலம்லதான் இருக்கான்னு பாத்துட்டு குடுங்க, பக்கத்து அக்கவுன்ட் நம்பர் காலம்ல குடுத்துட்டா 16வது இலக்கம் போயிடும்.